பழைய ஹொண்டாவின் சைட் கவரும் ஒரு குடைக் குழாயும்

பைக்கின் சைட் கவர், அதாவது சீட்டுக்குக் கீழே பக்கவாட்டை மூடும் தட்டு, திடீரென்று விழுவதில்லை. விழுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே கடகடவென்று ஆட ஆரம்பித்துவிடும். கவரின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் ஃபிரேமில் உள்ள ரப்பர் வளையங்களுக்குள் இறுகி உட்கார வேண்டும். வயதானால் அந்த ரப்பர் கல்லாகிவிடும். அப்புறம் நம் ரோட்டின் ஒரு குழி போதும்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய ஹொண்டா சீடி 125. நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று மாலை வகுப்பு எடுக்கப் போவதெல்லாம் அதில்தான். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் நல்ல மழையில் இடது கவர் கழன்று போனது. மறுநாள் போய் வளைவு வளைவாக ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தேடினேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமாரும் சேர்ந்து பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

ஹட்டன் கடைகளில் இந்த மொடலுக்கு ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்கைக் கழற்றி விற்கிறவர்கள் எங்கள் பக்கம் குறைந்துபோனார்கள். இருப்பதை எப்படியாவது ஓட்டத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் கொழும்புக்கு வேன் ஓட்டும் தம்பி ஒருவர் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி ஒரு இடது கவர் கொண்டுவந்து தந்தார். என்னுடையது சிவப்பு, இது நீலம். அது பரவாயில்லை, பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முளை அடியோடு உடைந்திருந்தது.

முளையை ஒட்ட முதலில் பிளாஸ்டிக் எது என்று தெரிய வேண்டும். புதிய பைக்குகளில் கவரின் உட்புறம் ஏபிஎஸ், பிபி என்று பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் எழுத்து இருக்கும். பழசில் பெரும்பாலும் இருக்காது. வெளியே தெரியாத ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ் என்று வைத்து வேலையைத் தொடங்கலாம். பிபி அசிட்டோனுக்கு அசையாது, சாதாரணப் பசையும் அதில் பிடிக்காது. சூடான சோல்டரிங் அயனால் உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

என்னுடையது ஏபிஎஸ். கராஜில் கிடந்த உடைந்த கவர் துண்டுகளைச் சீவி, சின்னக் கண்ணாடிப் போத்தலில் அசிட்டோன் ஊற்றி ஊற வைத்தேன். காலையில் கெட்டியான கூழ். முளை இருந்த இடத்தைச் சுரண்டி, நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூவை நிறுத்தி, அதைச் சுற்றிக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினேன். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். எங்கள் குளிரில் அதற்கு நாள் பிடிக்கும், அவசரப்படக்கூடாது. நன்றாக இறுகியதும் அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்தேன். அசிட்டோன் ஆவி நெருப்பைச் சட்டென்று பிடிக்கும். லயத்து வீட்டில் அடுப்பும் அறையும் ஒட்டியே இருப்பதால் இந்த வேலையை வெளியே திறந்த வாசலில் செய்யுங்கள், பிள்ளைகளையும் தள்ளி வையுங்கள்.

அடுத்தது ரப்பர் வளையம். லொறி டியூப் தடிப்பாக இருக்கும், அதில் மூன்று வட்டம் வெட்டினேன்: இரண்டு பெரிது, ஒன்று சிறிது. சிறியது ஃபிரேம் ஓட்டைக்குள் உட்காரும். பெரியவை இரண்டும் முன்னும் பின்னும் அணைத்துக்கொள்ளும். நடுவில் துளை போடக் கத்தியால் முயன்றால் கோணலாகப் போகும். மழை ஊர் அல்லவா, வீட்டில் உடைந்த குடைக்கு எப்போதும் குறைவில்லை. குடைத் தண்டின் இரும்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்து, விளிம்பை அரத்தால் கூராக்கி, பலகையில் ரப்பரை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. அவ்வளவு வட்டமான துளை! அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முளையில் சவர்க்காரத் தண்ணீர் தடவி அழுத்தினேன், டப்பென்று உட்கார்ந்தது. இப்போது அந்த ஆட்டமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதே டியூப் ரப்பரைப் பெற்றோல் படும் இடத்தில் வாஷராக வைக்காதீர்கள். ஊதிப்போய்க் கசியும்.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின் பிரேக் கம்பியின் நுனியில் ஒரு அட்ஜஸ்ட் நட் இருக்கிறதே, அது கழன்று விழுந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நட்டின் முகத்தில் அரை வட்டமாக ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளம் பிரேக் கையில் செருகியிருக்கும் உருளைப் பின் (pin) மேல் உட்கார, ஸ்பிரிங் தள்ளிப் பிடிப்பதால்தான் நட் தானாகச் சுழலாது. சாதாரண நட்டுக்கு அந்தப் பள்ளம் இல்லை, அதிர்விலேயே கழன்றுவிடும். வழியில் மாட்டிக்கொண்டால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று முறுக்கிப் பூட்டி மெதுவாகக் கராஜ் வரைக்கும் வரலாம். அதற்கு மேல் வேண்டாம். வீல் அச்சின் நட்டைக் கழலாமல் பிடிக்கும் ஸ்பிலிட் பின்னும் அப்படித்தான், கம்பியோ ஆணியோ அதற்கு ஈடாகாது. எங்கள் கராஜ் அண்ணன் நான் எதைக் கட்டிக்கொண்டு போனாலும் ஆசையாகப் பார்ப்பார், அப்புறம் சொல்வார்: "எல்லாம் சரி தம்பி, பிரேக்ல மட்டும் கை வச்சிறாத." கினிகத்தேனை இறக்கத்தில் ஓட்டியவர்களுக்கு அவர் சொல்வதன் அர்த்தம் தெரியும்.

கவருக்குச் சிவப்பு அடித்தாகிவிட்டது. ஆனால் அதில் ஒட்டும் சின்னம் இன்னும் கிடைக்கவில்லை. தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் யாரிடமாவது சீடி 125இன் இடப்பக்கச் சின்னம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.