ஒரே மொத்தம், வேறு வேறு ஆட்கள்

ஆளுமைக் கேள்வித்தாள்களை வைத்துத்தான் என் ஆய்வு வேலை. சைக்கோபதியை, அதாவது இரக்கமும் குற்ற உணர்வும் இல்லாமல் பிறரை ஏமாற்றிப் பயன்படுத்தும் ஆளுமைக் குணத்தை, அளக்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி: “பொய் சொல்றதே குணமா இருக்கிறவன்கிட்டயே போய்க் கேட்டா, உண்மையைச் சொல்வானா?”

நியாயமான சந்தேகம்தான். உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதை அளக்க உருவாக்கிய பட்டியல் ஆளின் வாயை மட்டும் நம்புவதில்லை. பேட்டியோடு சிறைக் கோப்பு போன்ற பழைய ஆவணங்களையும் புரட்டி, 20 அம்சங்களுக்கு 0, 1, 2 என்று மதிப்பெண் போடுவார்கள். ஆனால் சிறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட கோப்பு ஏது? அங்கேதான் அவரே பதில் எழுதும் தன்மதிப்பீட்டுக் கேள்வித்தாள் தேவைப்படுகிறது. அதில் “நீ கொடூரமானவனா?” என்று யாரும் கேட்பதில்லை. மாட்டிக்கொள்ளாமல் செய்ய முடிந்தால் அது சரிதான் என்கிற மாதிரி வாக்கியங்கள் இருக்கும். அந்தக் குணம் உள்ளவருக்கு இதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாகவே தோன்றாது, ‘ஆம்’ என்று போட்டுவிட்டுப் போவார். பெயர் எழுதாத ஆய்வில் இது நடக்கும். பரோலோ வேலையோ பதிலைப் பொறுத்தது என்றால், அந்தத் தாளை நான் அப்படியே நம்ப மாட்டேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு விஷயம்: எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடுவது.

1995-இல் வெளியான லெவன்சன் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்; சைக்கோபதிக்கான தன்மதிப்பீட்டுக் கேள்வித்தாள்களில் அதுவும் ஒன்று. 26 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. 16 வாக்கியங்கள் முதன்மை வகைக்கு: சுயநலம், பிறரை வளைத்துப் பயன்படுத்துவது, இரக்கமின்மை. மீதி 10 இரண்டாம் வகைக்கு: அவசரப் புத்தி, சட்டென்று கோபம், எதிலும் நிலைக்காமை. ஒருவர் முதன்மையில் 48, இரண்டாம் வகையில் 16 எடுக்கிறார் என்று வையுங்கள். இன்னொருவர் 34, 30. இரண்டு பேருக்கும் மொத்தம் 64தான். முதலாமவர் கணக்குப் போட்டுக் காரியம் சாதிப்பவராக இருக்கலாம். மற்றவர் திரும்பத் திரும்ப அதே சிக்கலில் போய் விழுபவராக இருக்கலாம். மொத்தத்தை மட்டும் அட்டவணையில் போட்டால் இந்த வித்தியாசம் அத்தனையும் காணாமல் போகிறது. எனக்கு அது பொறுக்காது.

இந்தப் பிரிவு புதிதும் இல்லை. 1940-களிலேயே மனநல மருத்துவர் பென் கார்ப்மன் சைக்கோபதியில் இரண்டு வகைகளைப் பிரித்துச் சொன்னார். வெளியே ஒரே நடத்தை; ஆனால் இரண்டாம் வகையினருக்கு உள்ளே பதற்றமும் மனப் போராட்டமும் உண்டு என்பது அவர் பார்வை. பின்னால் வந்தவர்கள், சிறுவயதில் பட்ட வதைகளையும் இந்த வகையோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், லெவன்சனின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் அவசரப் புத்தியைத்தான் பிடிக்கிறது. பதற்றம் இருக்கிறதா என்று அது நேரடியாகக் கேட்பதில்லை. அதில் மதிப்பெண் கூடிவிட்டது என்பதற்காக ‘கார்ப்மன் சொன்ன ஆள் இவர்’ என்று எழுதிவிட முடியாது. உளவியலாளர் கிறிஸ்டோபர் பேட்ரிக்கின் 58 வாக்கிய அளவுகோல் சைக்கோபதியைத் துணிச்சல், கொடுமனம், கட்டுப்பாடின்மை என்று மூன்றாகப் பிரிக்கிறது. துணிச்சல் மிகக் குறைவாக இருந்தால் பதற்றம் பற்றி ஒரு துப்பு கிடைக்கும், அவ்வளவுதான். துணிச்சலைச் சைக்கோபதியில் சேர்க்கலாமா என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை.

அதனால் மாணவர்கள் ஆய்வுத் திட்டத்தோடு வரும்போது, பதற்றத்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். கேள்வித்தாள் நீண்டுவிடும் என்பார்கள். சரி, நீளட்டும். வகை பிரிக்கப் போகிறோம் என்றால் அந்தப் பக்கங்களை வெட்ட நான் சம்மதிப்பதில்லை.