காய்ச்சல் சிரப்: வயதைச் சொல்லி வாங்காதீர்கள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து மெடிக்கல் கவுண்டரில் நிற்பவர்களுக்குப் பழகிப்போன குரல் இது: "அண்ணே, ரெண்டு வயசுப் புள்ளைக்குக் காய்ச்சல் மருந்து குடுங்க." கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. மருந்துக்கு வயது தெரியாது. குழந்தையின் எடையைச் சொல்லுங்கள்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 10 கிலோ குழந்தைக்கு 150. ஒரே பிராண்டிலேயே 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. டிராப்ஸ் என்றால் பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100. ஆக அந்த 150 மி.கி.க்கு முதல் பாட்டிலில் சுமார் 6 மி.லி., அடுத்ததில் 3, டிராப்ஸில் ஒன்றரை. பழைய 120 தீர்ந்து, புதிதாக வாங்கிய 250-இலும் அதே 6 மி.லி. ஊற்றினால் இரண்டு மடங்கு உள்ளே போகிறது. டிராப்ஸைப் போய் 5 மி.லி. ஸ்பூனில் ஊற்றினால் 500 மி.கி.! அளவு மீறினால் ஈரல் கெடும், அது அன்றைக்கே வெளியில் தெரியாது, அதுதான் பயம். லேபிளைப் படித்துவிட்டு, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக விடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம்.

அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6. ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. மருந்து வேலை செய்யவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 103 டிகிரி 101 ஆகிக் குழந்தை தண்ணீர் குடித்து விளையாடினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம், 98.6 வந்தே ஆகவேண்டும் என்று மறுபடி ஊற்ற வேண்டாம். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காய்ச்சல் மருந்தான இபுப்ரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி. வரை, 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. கொஞ்சம் அதிக நேரம் தாங்கும், உண்மைதான். ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழும், வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருக்கும்போதும் ஆகாது. நம் பகுதி மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குழந்தைக்கு வந்திருப்பது டெங்கு இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அதைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். மெஃபனமிக் ஆசிட் என்ற காய்ச்சல் மருந்துக்கும் இதேதான். "அது போட்டாதான் சட்டுன்னு இறங்குது" என்று அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். உடம்பெல்லாம் தடித்து உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமை பற்றி 2023 நவம்பரில் மருந்துகளின் தரத்தைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் எச்சரித்தது இந்த மருந்தைப் பற்றித்தான். இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்த சிரப் வீட்டில் இருந்தால், நடுவில் தனிப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நிமசுலைடு என்ற காய்ச்சல் மருந்துக்கு 12 வயதுக்குக் கீழ் 2011-லேயே தடை. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 வந்தால் சிரப் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய குழந்தை என்றால், காய்ச்சல் விட்ட பிறகு கை கால் சில்லிட்டாலோ, வயிறு வலித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பதே காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான்.