கிரெடிட் கார்டு பாக்கி: வக்கீல் நோட்டீஸ் வந்தால்

"போலீஸ் வீட்டுக்கு வரும்" என்று போனில் மிரட்டுகிறார்களா? பயப்படாதீர்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. ஆனால் பாக்கிக்காகக் கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக் போன்றவற்றுக்கான சட்டம்) 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரலாம். தேதி போடாத செக்கைத் தயவுசெய்து யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் வந்ததும் அசல், வட்டி, தாமதக் கட்டணம் மூன்றையும் பிரித்துக் காட்டும் கணக்கைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் வார்த்தை முக்கியம். வங்கி வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டு; அது முடியுமுன் "கடன் உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். "நீங்கள் கோரும் தொகை" என்று எழுதுங்கள்.

கோர்ட் சம்மன் வேறு சங்கதி. வாங்க மறுத்தாலும் உங்களிடம் சேர்ப்பித்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். பலர் தோற்பது இங்கேதான். எதிர்வாதத்துக்கு வழக்கமாக 30 நாள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-இன் கீழ் சுருக்க வழக்கு (விரைவாக முடிக்கும் வழக்கு) என்றால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். தவறினால் கேட்ட தொகைக்கே டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) ஆகிவிடும்.

சமரசம் பேசினால், வங்கியின் கடிதம் கைக்கு வந்தபிறகே பணம் கட்டுங்கள். ஏஜென்டின் வாய்ப்பேச்சு செல்லாது. சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்தது என்று பதிவாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.