தொடைக்குத் தனி அளவு

மார்ச் 4, 2025, செவ்வாய்

இடுப்பு 32. பின்புறம் 46. தொடை இடது 29, வலது 28½. கெண்டைக்கால் 18. கணுக்காலுக்கு மேலே 12. பாதம் மட்டும் சின்னப் பெண்ணின் பாதம்.

யாராவது இப்படி ஓர் அளவோடு தைக்க வந்தால், இன்ச் டேப்பைத் தவறாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி எடுத்துப் பார்ப்பேன். இது என் அளவு. இருபது வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே இன்னொருத்தி என்று இரண்டு பேரை ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறதே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

முட்டிவலிக்குத்தான் இன்று டாக்டரிடம் போனேன். எடை மெஷினில் ஏறச் சொல்வார் என்று முன்கூட்டியே செருப்பைக் கழற்றிவிட்டேன். அவர் மெஷின் பக்கமே திரும்பவில்லை. "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காலையே பார்த்தார். அப்புறம் தொடையின் வெளிப்பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே விரல், அதே அழுத்தம், வயிற்றில். ஒன்றுமே இல்லை. பாதத்தில் இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கினார். சுலபமாக மடிந்து வந்தது. நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து ஓடும் நீர்) தேங்கிய வீக்கமாக இருந்தால் அந்த இடத்தில் தோல் கிள்ளவே வராதாம். ஸ்டெம்மர் சோதனை என்று பெயர் சொன்னார்.

"இது எங்கே இடிச்சுக்கிட்டீங்க?" என்று முழங்காலுக்குக் கீழே ஒரு நீலத் திட்டைக் காட்டினார். தெரியவில்லை. எனக்கு எப்போதும் அப்படி இரண்டு மூன்று இருக்கும். மெஷின் மேஜை விளிம்புதான் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

லிப்பிடீமாவாம், தோலுக்கு அடியில் கொழுப்பு பெருத்து வலிக்கும் நோய். இரண்டாம் நிலை. ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார் என்று உட்கார்ந்திருந்தேன். இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்றார். பார்ப்பது, தொடுவது, கேட்பது, அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தாலும் அது வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்குத்தான்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு ராத்திரியாகப் படிக்கிறேன். தைக்க வேண்டியது மூன்று உருப்படி அப்படியே கிடக்கிறது.

புரிந்த வரைக்கும் எழுதி வைக்கிறேன். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு இரண்டு காலிலும் ஒரே மாதிரி பெருத்துக்கொண்டே போகிறது. சிலருக்குக் கைகளிலும். பாதமும் உள்ளங்கையும் தப்பித்துவிடும். அதனால்தான் கணுக்காலில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தது போல ஒரு விளிம்பு விழுகிறது. (என்னுடையதை வளையல் என்று சொல்லி என் மகள் சின்ன வயதில் விளையாடுவாள்.) கூடவே வலி, பாரம், லேசாகப் பட்டாலே நீலம் பாரிப்பது. கிட்டத்தட்ட எல்லாமே பெண்களுக்குத்தான். வயதுக்கு வரும்போது, கர்ப்பத்தில், மாதவிடாய் நிற்கும் காலத்தில் தொடங்கும் அல்லது மோசமாகும். ஹார்மோனுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நினைப்பது அதனால்தான். எனக்குப் பதிமூன்று வயதில் முதல் சுற்று, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அடுத்த சுற்று.

முதலில் பயந்தது யானைக்காலோ என்று. அது இல்லை. யானைக்காலில் பாதமும் சேர்ந்து வீங்கும், பெரும்பாலும் ஒரு கால் இன்னொன்றைவிடப் பெரிதாக இருக்கும். அது நிணநீர்க் குழாய் கெட்டுப்போய் வருவது. ஆனால் லிப்பிடீமா முற்றினால் நிணநீர் ஓட்டமும் தடுமாறி, அந்த வீக்கமும் இதன் மேல் சேர்ந்துகொள்ளலாம்.

நிலைகளையும் பார்த்தேன். முதல் நிலையில் மேலே தோல் வழவழப்பாக இருக்கும், உள்ளே விரலுக்கு அரிசி அரிசியாகத் தட்டுப்படும். இரண்டாவதில் பஞ்சு சரியாக அடிக்காத மெத்தை மாதிரி மேடும் பள்ளமும். மூன்றாவதில் முழங்கால் ஓரங்களில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். எந்த நிலை என்பதற்கும் எவ்வளவு வலி என்பதற்கும் சம்பந்தமில்லை என்று போட்டிருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், இது புது நோயே இல்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1940-லேயே பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். 1951-இல் அறிகுறிகளை இன்னும் விரிவாக எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனி எண் வந்தது 11-ஆம் பதிப்பில். அது நடைமுறைக்கு வந்தது 2022-இல்.

எண்பத்திரண்டு வருடம்!

மார்ச் 16, ஞாயிறு

அம்மா வந்திருந்தாள். எங்கள் வீட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: "நம்ம வீட்டுக் கால்". பாட்டிக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இருக்கிறது, அம்மாவுக்கு, எனக்கு. மூக்கு, நெற்றி மாதிரி இதுவும் ஒரு ஜாடை என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் செய்த மாதிரியே தொடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பாதி அழுத்துவதற்குள் கையைத் தட்டிவிட்டாள்.

"வலிக்குதாம்மா?"

"அமுக்கினா வலிக்காதா பின்ன? எல்லாருக்குந்தான் வலிக்கும்."

என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர் தொடையில் அழுத்தினேன். பலமாகவே. அவர் பாட்டுக்கு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முகத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வலிக்கலையா மாப்பிள்ளை?"

"இல்லையே அத்தை. ஏன்?"

எழுபத்தொரு வயது. பேரன் மடியில் ஏறினால் ஏன் எப்போதும் இறக்கிவிடுவாள் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மார்ச் 29, சனி

எடை பற்றி. இதை எழுதாமல் தூக்கம் வராது.

மூன்று வருடத்துக்கு முன்பு வாயைக் கட்டி, காலையில் ஒரு மணி நேரம் நடந்து, 9 கிலோ குறைத்தேன். என் பேண்ட் எல்லாவற்றையும் நானே பிரித்துத் தைத்தேன். இடுப்பில் நாலு இன்ச் பிடித்தேன். தொடையில் அரை இன்ச். அரை! முகம் ஒட்டிப்போய், பார்த்தவர்கள் எல்லாம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அப்போது பார்த்த ஒரு டாக்டர் (இவர் அல்ல) "வீட்டுக்குத் தெரியாம ஏதோ சாப்பிடறீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் கழிவறைக்கு நடந்ததுதான் மிச்சம். லிப்பிடீமாவில் பெருத்திருப்பது கொழுப்புத் திசு, தேங்கிய தண்ணீர் இல்லை. அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே கிடையாது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு வேகம். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இனி எதையும் பார்க்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு இதை உண்டாக்கவில்லை, சாப்பாட்டைக் குறைத்தால் இது கரையப்போவதும் இல்லை. ஆனால் இதன் மேல் உடல்பருமனும் சேர்ந்தால் வலி, முட்டி, நிணநீர் எல்லாமே மோசமாகும் என்றார். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு எங்களைப் போன்றவர்களுக்குப் பொய் சொல்லும், காலின் கனமும் அதில் ஏறிவிடும். அதற்குப் பதில் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் உயரம் 62 இன்ச். அப்படியானால் இடுப்பு 31-க்குள். ஒரு இன்ச் கூடுதல்.

இன்ச் டேப் கணக்கு என்றால் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

அழுத்தக் காலுறைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் முதல் ஆளாக வரச் சொல்லியிருந்தார்கள். பகல் போகப் போகக் கால் கனத்துவிடும், அளவு தப்பிவிடும். அந்தப் பெண் பாதத்திலிருந்து தொடை வரை ஒவ்வொரு சில சென்டிமீட்டருக்கும் ஒரு சுற்றளவு எடுத்தாள். டேப்பைப் பிடித்த விதத்திலேயே தொழில் தெரிந்தவள் என்று தெரிந்துவிட்டது. இழுக்கவும் இல்லை, தளர விடவும் இல்லை.

கடையில் தொங்கும் சாதாரணக் காலுறை குழாய் மாதிரி வட்டமாகப் பின்னியது. எனக்கு எழுதிக்கொடுத்தது தட்டையாகப் பின்னி, பின்பக்கம் தைத்து மூட்டுவது. ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியைக் கூட்டிக் குறைத்து, அந்தக் கால் எப்படி இருக்கிறதோ அப்படியே பின்னலாம். துணி கெட்டி. அதனால் மடிப்புக்குள் போய்க் கயிறு மாதிரி வெட்டாது. மாதிரிக்கு ஒன்றைக் காட்டினாள். நான் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் முதலில் பார்த்தேன். குறை சொல்ல முடியாத தையல்.

ஏப்ரல் 24, வியாழன்

காலுறை வந்துவிட்டது. போடுவதற்கு 25 நிமிஷம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. நான் இழுத்தேன். முட்டிக்குப் பின்னால் சுருக்கம் விழுந்து, மதியம் அங்கே சிவந்துபோனது. கழற்றி மறுபடி முதலிலிருந்து.

இது கொழுப்பைக் குறைக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வலியும் பாரமும் குறையும், போட்டிருக்கும் வரைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு எப்போதும் காலை ஸ்டூலில் தூக்கிப்போடுவேன். இன்று எட்டு மணி வரை மெஷினில் இருந்தேன், ஸ்டூல் ஞாபகமே வரவில்லை.

ஏப்ரல் 26, சனி

வெயில். போடவில்லை. யாரும் கேட்க வேண்டாம்.

மே 18, ஞாயிறு

தண்ணீர்! இதை ஏன் எனக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லை?

பிசியோதெரபிஸ்ட் சொல்லி மூன்று வாரமாக நீச்சல் குளத்துக்குப் போகிறேன். நீச்சல் தெரியாது. நெஞ்சளவுத் தண்ணீரில் நடப்பதும், விளிம்பைப் பிடித்துக்கொண்டு உதைப்பதும்தான். என் காலுறை தரும் அழுத்தம் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சுமார் 74 தருகிறது, அதுவும் பாதத்தில் அதிகம், மேலே வர வரக் குறைவு. ரப்பர் கையுறை தேவையில்லை. முட்டிக்கும் பாரம் இல்லை.

கஷ்டம் இரண்டு. உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் பார்வை. அது இரண்டாவது வாரமே பழகிவிட்டது. இன்னொன்று, முடிந்து ஏணியில் ஏறும்போது. தண்ணீர் தாங்கியிருந்தது எல்லாம் படிக்கு ஒரு பங்காகத் திரும்ப வந்து காலில் ஏறுகிறது. நாலாவது படியில் தினமும் நின்று மூச்சு வாங்குகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

சுருக்கமாக. நிணநீர் வடிக்கும் மசாஜ் எடுத்துக்கொண்டேன். பலமாகப் பிசைவது இல்லை, தோலை மட்டும் மெதுவாக நகர்த்துவது. அன்றைக்கும் மறுநாளும் கால் லேசாக இருக்கிறது, அப்புறம் பழையபடி. மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைத்துச் சாப்பிட்டால் சிலருக்கு வலி குறைகிறது என்று டாக்டர் சொல்லி அதையும் செய்கிறேன். வலி கொஞ்சம் பரவாயில்லை. தொடை அளவு அதேதான்.

கொழுப்பைக் கரைக்கும் கிரீம், நச்சு நீக்கும் பானம் என்று தேடும் இடமெல்லாம் விளம்பரம் துரத்துகிறது. பூசிக் கரைகிற கொழுப்பு என்றால் இருபது வருடத்தில் நான் எத்தனை பேருக்கு உடுப்பைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும்!

ஜூலை 20, ஞாயிறு

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். லைப்போசக்ஷன். அழகுக்குச் செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து, திசு விம்மும் வரை ஏற்றுவார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987-இல் எழுதிய முறையிலிருந்து வந்தது. அப்புறம் சில மில்லிமீட்டர் துளை வழியாக, முனை மழுங்கிய மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள். நிணநீர்க் குழாய்கள் அறுபடாமல் காலின் நீளவாக்கிலேயே போக வேண்டும். எனக்கு மூன்று தடவையாகச் செய்ய வேண்டியிருக்கும் என்றார். முடிந்த பிறகும் வாரக்கணக்கில் அழுத்தக் காலுறை, மாதக்கணக்கில் வீக்கம்.

"அதோட சரியாயிடுமா?"

"குணமாயிடும்னு சொல்ல மாட்டேன். வலி நல்லா குறையும். காலுறை, மசாஜ் தேவையும் பலருக்குக் குறையுது."

ஜெர்மனியில் 60 பெண்களைச் சிகிச்சைக்குப் பிறகு 12 ஆண்டு வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். பலன் அப்போதும் நின்றிருக்கிறது. அங்கே பொதுக் காப்பீட்டில் 2019-இலிருந்து மூன்றாம் நிலைக்கு மட்டும் கொடுத்துவந்தார்கள். இந்த வாரம்தான் எல்லா நிலைக்கும் கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

உடனே முடிவு சொல்லவில்லை. மூன்று தடவை என்றால் மூன்று தடவை மெஷினை மூட வேண்டும். ஒரு வருடம் காலுறையும் குளமும் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிறேன் என்றேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. அதனாலேயே அவர் மேல் ஒரு நம்பிக்கை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா மறுபடி வந்தாள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில், "அந்தக் காலுறைக்கு அளவு எப்படிடி எடுக்கறாங்க?" என்றாள்.

முதலில் டாக்டர் பார்க்க வேண்டும், காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று தெரியாமல் இறுக்கிப் போடக் கூடாது, அளவும் அவர்கள்தான் எடுக்க வேண்டும் என்றேன். "அது தெரியும். நீ சும்மா எடு" என்றாள்.

இத்தனை வருடமாக அம்மாவுக்கு நான்தான் தைக்கிறேன். நோட்டில் அவள் பக்கத்தைத் திருப்பினேன். தோள், மார்பு, இடுப்பு, உயரம் எல்லாம் இருக்கிறது. தொடை இல்லை. "அங்கெல்லாம் எதுக்கு, தொளதொளன்னு விட்டுடு" என்பாள், நானும் விட்டுவிடுவேன்.

டேப்பை இழுக்காமல் பிடித்தேன். இடது 31. வலது 30½. எழுதிக்கொண்டேன்.