கம்ப்யூட்டருக்குக் கூலர் வாங்கக் கிளம்பும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சத்தம்தான் பிரச்சினை. வேளச்சேரியில் சின்ன வீடு, கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது, அங்கிருந்து நாலடியில் அம்மாவின் கட்டில். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டால் கம்ப்யூட்டர் விடிய விடிய ஓடும். "அதை அணைச்சிட்டுப் படுடி" என்று அம்மா சொல்லாத ராத்திரி இல்லை.

முதலில் செய்தது பெரிய தப்பு. கேபினெட் (கம்ப்யூட்டரின் பெட்டி) உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஷீட் ஒட்டினேன், முன்பக்கக் காற்றுத் துளைகளையும் சேர்த்து. சத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் மே மாசம், மதியம், அறையே 35 டிகிரி. ரெண்டர் போட்ட இருபது நிமிஷத்தில் பிராசசர் 94 தொட்டுவிட்டது. என்னுடைய ரைசன் 5 3600-க்கு 95 தான் எல்லை, அதற்கு மேல் போகாமல் இருக்க அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அன்றைக்கே எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் 65, 70 எல்லாம் 20, 22 டிகிரி அறையில் பார்த்த கணக்கு. நம் அறை எவ்வளவு கூடுதலோ கிட்டத்தட்ட அவ்வளவும் பிராசசர் சூட்டில் ஏறும், அதனால் எந்த செட்டிங்கையும் மே மாச மதியத்தில் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

அப்புறம், பிராசசர் மேல் மாட்டும் கூலரை மாற்றினால் சத்தம் குறையும் என்று நினைத்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை போய் இறங்கினால் பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கிறது, ஒரு பயணம் வீண். புதன்கிழமை மறுபடியும் போனேன். என் கேபினெட்டுக்கு இந்தக் கூலர் உயரம் சரியாக வருமா என்று இரண்டு தடவை கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, "எல்லாத்துக்கும் செட் ஆகும் மேடம்" என்றார். 2,100 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

பழைய கூலரைக் கழற்றியது மட்டும் ஒழுங்காக நடந்தது. இந்த வகை பிராசசரில், கூலருக்கும் அதற்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் நேராக மேலே இழுக்கக் கூடாது, பிராசசரும் சேர்ந்து சாக்கெட்டை விட்டு வந்து, அதன் அடியில் இருக்கும் ஊசி மாதிரியான பின்கள் வளைந்துவிடும். பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூக்களை எடுத்தபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஆனால் புதுக் கூலரை மாட்டினால் பக்கக் கதவு மூடவில்லை! கூலர் 159 மி.மீ., என் கேபினெட்டில் இடம் 150 தான். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால் "பாக்ஸ் பிரிச்சாச்சு, எடுத்துக்க மாட்டோம்" என்று ஒரே பேச்சு. இன்னும் ஆறவில்லை எனக்கு.

புது பேஸ்ட் தடவிப் பழைய கூலரையே திரும்ப மாட்டினேன். அன்று ராத்திரிதான் மாசக் காலண்டர் தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கேபினெட்டுக்குள் ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்த்தேன். பிராசசர் ஃபேன் பக்கம் சும்மா லேசான சத்தம். பின்பக்கத்து கேபினெட் ஃபேன் அருகே போனதும் காதில் அறைந்த மாதிரி இரைச்சல். ஒயரை எண்ணினேன், மூன்று, அதாவது 3 பின் ஃபேன். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) அந்த இணைப்பு பி.டபிள்யூ.எம். (PWM) என்ற வேகக் கட்டுப்பாட்டு முறையில் இருந்தது. அந்த முறை 4 பின் ஃபேனுக்கு உரியது. 3 பின்னைச் சொருகினால் எப்போதும் முழு 12 வோல்ட்டில் முழு வேகத்தில்தான் சுற்றும். டி.சி. (வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறை) என்று மாற்றிச் சேமித்தேன், அவ்வளவுதான். ஹாலில் சீலிங் ஃபேனின் கிறீச் சத்தம் கேட்டது.

மிச்சமிருந்த முணுமுணுப்பு ஹார்ட் டிஸ்க். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்க்ரூக்களுக்கு இடையில் வைத்ததில் அதுவும் அடங்கியது. பிராசசர் ஃபேன் 60 டிகிரி வரை 40 சதவீதம், 85-இல் முழு வேகம் என்று வைத்து, வேகம் ஏற மூன்று விநாடி தாமதம் கொடுத்தேன். ரைசனில் சூடு சட்டென்று ஏறி இறங்கும், தாமதம் இல்லாவிட்டால் ஃபேன் ஓயாமல் சீறும்.

போன வாரம் மதியம் ஒரு மணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பார்த்தேன், 84-ஐத் தாண்டவில்லை. ராத்திரி ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா "இன்னிக்கு வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அந்தக் கூலர் பரணில் பெட்டியோடு இருக்கிறது. 159 மி.மீ. இடமுள்ள கேபினெட் யாரிடமாவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன், ஆனால் அளந்துவிட்டு வாருங்கள்.