முத்தின் மேல் மூன்றாவது ஒளி

1980களின் கடைசியில் நான் உயர்வகுப்பில் படித்தபோது, எமது சித்திர ஆசிரியர், உயிருள்ள ஒரு முகத்தின் முன் எம்மை உட்கார விடுவதற்கு முன்னர், பெரிய ஓவியர் ஒருவரின் உருவப்படத்தை முழுமையாக ஒருமுறை பார்த்து வரைந்து முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். எனக்கு வாய்த்தது, ஒல்லாந்து ஓவியர் வெர்மீயர் 1665ஆம் ஆண்டளவில் தீட்டிய ‘முத்துக் காதணி அணிந்த பெண்’. பழைய கலைநூல் ஒன்றிலிருந்து கழன்று வந்த அச்சுப்படத்தின் மேல் கட்டங்கள் கீறி, மூல ஓவியத்தின் அளவாகிய 44.5 சென்ரிமீற்றர் உயரத்துக்கும் 39 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் அதைப் பெருப்பித்தேன்.

மூலம் எண்ணெய் வண்ணம். என் கையில் இருந்ததோ பாஸ்டல். எண்ணெய் வண்ணத்தைத் தட்டில் குழைத்து வேண்டிய நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். பாஸ்டல் குச்சியில் இருப்பதோ பெரும்பாலும் நிறத்தூளும், அது உதிராமல் நிற்கும் அளவுக்கு மட்டும் பசையுமே ஆதலால், நிறங்களைத் தாளின் மேலேயே ஒன்றன் மேல் ஒன்றாக இட்டுத்தான் கலக்க வேண்டும். தாளின் சொரசொரப்பு தூளால் நிரம்பிவிட்டால் அதன் பிறகு எந்தக் குச்சியும் பற்றாது. இதை அறியாத நான் முதல் நாளே விரலால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பெண்ணின் கன்னத்தைச் சுண்ணாம்புச் சுவராக்கிவிட்டேன். இரண்டாவது முயற்சியில் மங்கிய பழுப்புத் தாளை எடுத்து, கடினமான குச்சிகளால் இருளை முதலில் இட்டு, மென்மையானவற்றை ஒளிக்காக ஒதுக்கி வைத்தேன்.

என்னை வாட்டியது மூக்கு. அந்த ஓவியத்தில் மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் இடையில் எல்லைக்கோடே கிடையாது. இரண்டும் ஒரே ஒளியில் ஒன்றாகிவிடுகின்றன. நான் கோடு கீறினேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் உலர்ந்த தூரிகையால் அதைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாளும் கீறினேன்; மறுநாளும் தட்டினார். மூன்றாம் முறைதான், “தம்பி, உனக்குத் தெரிந்த மூக்கைக் கீறுகிறாய். அங்கே இருக்கிறதைக் கீறு” என்றார்.

முத்து அதற்குப் பிறகு எளிதாக வந்தது. அதற்குக் கொக்கியும் இல்லை, முழுமையான விளிம்பும் இல்லை. மேலே பளிச்சென்ற ஓர் ஒளி, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கிய பிரதிபலிப்பு, இவற்றோடு மூன்றாவதாகச் சிறு பொட்டு ஒன்று. மிக மென்மையான வெள்ளைக் குச்சியால் ஒரே ஒரு தடவை அழுத்தி அதை வைத்தேன்.

பல ஆண்டுகளின் பின் டென் ஹாக் நகரின் மொரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில் மூல ஓவியத்தின் முன் நின்றேன். முத்தில் இரண்டு ஒளிகளே இருந்தன. 1994இல் ஓவியத்தைத் துப்புரவு செய்தபோது, மற்றையது வெர்மீயர் வைத்ததல்ல, பெயர்ந்து அங்கே ஒட்டிக்கொண்ட வண்ணச் செதில் என்று கண்டு அகற்றியிருக்கிறார்கள். அதே துப்புரவில் உதட்டோரம் வெளிப்பட்ட சிறு மினுக்கமோ என் படத்தில் இல்லை.

நிறம் இருண்டுவிடும் என்று அஞ்சி நிலைநிறுத்தும் திரவம் தெளிக்காமல் விட்ட அந்தப் படம், கண்ணாடியைத் தொடாதவாறு இடைவெளிவிட்டுச் சட்டமிடப்பட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றி அந்தப் பொட்டைத் தட்டிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் முழுப் படத்திலும் ஆசிரியர் வாய்விட்டுப் பாராட்டிய ஒரே இடம் அதுதான்.