டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சரோஜா, ஆதாரில் சரோஜினி

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா இறந்தபின் அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் ஒருவழியாகக் கணக்கில் ஏறிவிட்டது, நிலுவையும் சேர்த்து. எரிச்சல் முழுசாக ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் வீடு நிறைய. யாருக்காவது ஒரு நாள் பஸ் அலைச்சல் மிச்சமானால் சரி.

காகிதம் எல்லாம் பொருந்தியிருந்தால் இது பெரிய வேலையே இல்லை. இறப்புச் சான்று, பி.பி.ஓ. (ஓய்வூதிய உத்தரவு), மனைவியின் ஆதார், பான், பாஸ்புக் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் இறப்பைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். பொருந்தாவிட்டால்தான் தலைவலி. எங்கள் வீட்டில் பொருந்தாதது அம்மாவின் பெயர். பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்தக் காலத்து டைப்ரைட்டர் எழுத்தில் 'சரோஜா' என்று மொட்டையாக ஒரு வரி. பிறந்த தேதி இல்லை. பி.பி.ஓ.விலும் அதே சரோஜா. ஆதார், பான், ரேஷன் கார்டு, பட்டா எல்லாவற்றிலும் சரோஜினி.

முதலில் போன ஒரு கவுன்டரில், "ஆதார்ல பேரை மாத்திட்டு வாங்கம்மா, அரை மணி நேர வேலை" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆதாரை மாற்றினால் பான் இடிக்கும், பான் இடித்தால் வங்கிக் கணக்கு இடிக்கும், பட்டா தனியாக நிற்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 தடவைதான் மாற்றலாம் என்பதும் இருக்கிறது. திருத்த வேண்டியது ராணுவ ஆவணத்தைத்தான்.

அதை எங்கே திருத்துவது என்பதில்தான் பாதிப் பேர் தடம் மாறுகிறார்கள். ஊட்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாநில அரசுடையது. அடையாள அட்டை, விதவை அடையாள அட்டை, உதவித்தொகை மனுக்களைச் சரிபார்ப்பது, ராணுவத்துக்கு முகப்புக் கடிதம் வைத்து அனுப்புவது எல்லாம் அங்கே. பென்ஷன் உத்தரவில் ஒரு எழுத்தைக்கூட அவர்களால் மாற்ற முடியாது. அங்கே போய்ச் சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. பெயரைத் திருத்துவது இறந்தவர் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது ஆவண அலுவலகம். அது அனுப்புவதை வைத்துத் திருத்திய பி.பி.ஓ. போடுவது அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் (பி.சி.டி.ஏ.). எல்லோரும் 'கார் பி.பி.ஓ.' என்பது அந்தத் திருத்திய உத்தரவைத்தான்.

நீலகிரிக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் பட்டாள வேலை எல்லாம் அங்கே முடியும் என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறோம். வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் மட்டும். பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர், ஈ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) என்றால் செகந்திராபாத், ஏ.எஸ்.சி. (வழங்கல் பிரிவு) என்றால் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஓய்வு பெற்று, பிறகு டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புத் துறைக் காவல் படை) சேர்ந்து வந்தவர்களுக்கு அந்தப் பணிக்கான ஆவணம் கண்ணூரில் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்து ரெஜிமென்ட் நம்பரையும் பிரிவையும் உறுதி செய்துகொண்ட பிறகே பஸ் ஏறுங்கள். கோத்தகிரியில் இருந்து குன்னூரில் மாறி வெலிங்டன் போய், கேட்டில் "உங்க ரெக்கார்ட்ஸ் இங்க இல்ல" என்று கேட்பது மழைக்காலத்தில் நல்ல அனுபவம் இல்லை.

எங்கள் மனுவோடு இணைத்தவை: டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகல் (குடும்ப விவரப் பக்கம் மட்டும் போதும் என்பார்கள், போதாது), பழைய பி.பி.ஓ., ஸ்பர்ஷ் கொடுத்த புதிய பி.பி.ஓ., இறப்புச் சான்று, ஆதார், பான், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த பழைய படம், இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம். திரும்பி வந்தது இந்தப் பத்திரம்தான். நோட்டரி கையெழுத்துப் போட்டது ஏற்கப்படவில்லை, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்பு கொடுத்தது வேண்டும் என்று குறிப்பு. எந்தக் கையெழுத்து வேண்டும், நாளிதழ் விளம்பரம் வேண்டுமா என்பதை ரெக்கார்ட் ஆபீஸிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாயால் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பத்திரத்தில் இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் ஆவணத்தில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் போடச் சொல்லுங்கள். ஒரு 'எச்' கூடினாலும் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார்.

மனுவை நேராக அனுப்பாமல் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பியதில் ஒரு லாபம். கடித எண்ணும் தேதியும் கையில் இருந்தன. அதைச் சொல்லிக் கேட்டபோதுதான் மறுமுனையில் கோப்பைத் தேடவே ஆரம்பித்தார்கள். ஊட்டியில் எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் பொறுமைசாலி, அதையும் சொல்ல வேண்டும்.

இறப்புச் சான்றில் ஒரு எச்சரிக்கை. 21 நாளுக்குள் பதிந்துவிடுவோம், அதில் தவறு வராது. தவறு வருவது பெயரில். ஊரில் கூப்பிடும் பெயரையோ இனிஷியலை மாற்றியோ சொல்லிவிடுவோம். பி.பி.ஓ.வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது தனி அலைச்சல்.

அடுத்தது செல்போன். ஸ்பர்ஷில் ஓ.டி.பி. போவது இறந்தவரின் எண்ணுக்கு. இனி எதற்கு என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும், பிறகு உள்ளே நுழைய சேவை மையத்தில் போய் நிற்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வரும்வரை அந்த சிம் உயிரோடு இருக்கட்டும். அதே மாதிரி, இறந்த தேதிக்குப் பிறகு விழும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். குடும்ப ஓய்வூதியம் மறுநாளில் இருந்தே கணக்காகும், ஆனால் அதிகம் போனதைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

வங்கியிலும் ஒரு சின்னப் போர். கூட்டுக் கணக்கு இருந்தும் "அம்மா பேர்ல புதுசா கணக்கு ஆரம்பிங்க" என்றார்கள். பி.பி.ஓ.வில் பெயர் உள்ள மனைவி கூட்டுக் கணக்கில் இருந்தால் புதுக் கணக்கு கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதை மேலாளரிடம் சொன்னதும் பேச்சு அத்தோடு நின்றது.

தொகை சரியா என்று பாருங்கள். சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய், அகவிலை நிவாரணம் தனி. ஓய்வு பெற்றபின் 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால் 7 ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 நிறையும் நாள், எது முந்தியதோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற கூடுதல் விகிதம் உண்டு. இது விட்டுப்போனால் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

பென்ஷன் இல்லாமல் இடையில் வந்தவர்களுக்கு வேறு வழி. ஹவில்தார் வரை பதவி, 65 வயது, ஓய்வூதியம் இல்லை என்றால் மத்திய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நல வாரியம்) வறுமை உதவி உண்டு. அவர்கள் இறந்திருந்தால் மனைவியர் கேட்கலாம். மாதம் 4,000 ஆக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் மனுக்களுக்கு 8,000. மகள் திருமண உதவி 50,000-இல் இருந்து 1,00,000 ஆகியிருக்கிறது, திருமணம் முடிந்து 180 நாளுக்குள் இணையத்தில் மனு போட வேண்டும். ஸ்கேன் செய்வது அசலாக இருக்கட்டும். சான்றொப்பமிட்ட நகலை ஏற்றினால் திருப்பிவிடுகிறார்கள்.

இனி வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று. தேயிலை பறித்த கை என்றால் ரேகை இயந்திரத்தில் விழாது. கொழுந்து கிள்ளிக் கிள்ளி அம்மாவின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வழுவழுவென்று ஆகிவிட்டன, கறை மட்டும் வெடிப்பில் தங்கியிருக்கிறது. இ-சேவை மையத்தில் துடைத்துத் துடைத்து வைத்தும் சிவப்பு விளக்குதான். போனில் உயிர்வாழ் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியையும் ஆதார் முகப்பதிவுச் செயலியையும் போட்டு, வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து முகத்தைக் காட்டினால் முடிந்துவிடும். அதில் ஓய்வூதியம் வழங்குபவர் என்ற இடத்தில் நம் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. அலகாபாத் என்று இருப்பதைத்தான் தொட வேண்டும். வங்கியைத் தொட்டால் சான்று வங்கிக்குப் போய்ச் சேரும், "வெற்றி" என்று குறுஞ்செய்தியும் வரும், ஓய்வூதியம் நின்றுவிடும். சில நாள் கழித்து ஸ்பர்ஷுக்குள் போய், அடுத்த சான்று தேதி ஒரு வருடம் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.